இறங்கும் திசை

உயரமானவள் என்பதால்தான் என்று நினைக்கிறேன்,
செம்மஞ்சள் அங்கியை எனக்குத் தந்தார்கள்.
ஆறாம் மாடி, கடன் பிரிவு, பத்தொன்பது பேர்.
பெயர்களை ஒரு மட்டையில் ஒட்டி
விசிலோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுவிட்டார்கள்.

ஒத்திகையன்று எல்லோருக்கும் சிரிப்பு.
ஜெஸீலா தேநீர்க் கோப்பையோடு இறங்கினாள்.
குகதர்சன் மூன்றாம் மாடியில் நின்று
யாருக்கோ போனில் வட்டிவீதம் சொன்னான்.
பரிசோதிக்க வந்த அதிகாரி நேரத்தைக் குறித்துவிட்டு
கல்முனையில் மீன் எங்கே மலிவு என்று கேட்டுப் போனார்.

பின்படிக்கட்டுக் கதவுக்கு முன்னால்
போன வருடத்து நாட்காட்டி, பதினான்கு பெட்டி.
எடுங்கள் என்றேன். எங்கே வைக்க என்றார்கள்.
ஒரு பின்னேரம், கோபத்தில்,
நானே இழுத்து மனேஜரின் அறைக்குள் அடுக்கினேன்.
ஏழாவது பெட்டியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.
மிச்சத்துக்கும் சுவருக்கும் இடையில்
ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம்,
கீழே ஜெனரேட்டர் அறையில் ஏதோ பற்றியது.
முதலில் மணம். றப்பர் எரிகிற மணம்.
மறுகா மணி.
முன்படிக்கட்டில் புகை எங்களுக்கு முன்னமே ஏறி வந்திருந்தது.
லிப்ட் பொத்தானில் இருந்த குகதர்சனின் விரலை
பிடுங்கித்தான் எடுத்தேன்.
ஒருக்களித்து, ஒவ்வொருவராக.
கௌதமிக்கு ஏழு மாதம்; அவள் வயிற்றுக்காக
இன்னொரு பெட்டியைத் தூக்கி அறைக்குள் எறிந்தேன்.
கடைசியாக வந்து கதவைச் சாத்தினேன்.
அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

மூன்றாம் மாடியில் குனிந்தோம்.
முதலாம் மாடியில் தவழ்ந்தோம்,
ஒரு கை சுவரில், ஒரு கை முன்னால் போகிறவரின் முதுகில்.
கௌதமி ஒவ்வொரு படியாக வைத்தாள்.
முந்தட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

றோட்டுக்கு அங்கால், மருந்துக்கடை வாசலில்
எண்ணினேன்.
பத்தொன்பதில் ஜும்ஆவுக்குப் போனவர்கள் ஆறு, லீவில் ஒருவர்.
பன்னிரண்டு வரவேண்டும்.
பதினொன்று.
என்னை மறந்திருப்பேன் என்று
என் நெஞ்சையும் தொட்டு எண்ணினேன்.
பதினொன்று.

மசூதா ராத்தா மொட்டைமாடியில் நின்றார்.
மணி அடித்த உடனேயே போயிருக்கிறார்,
எங்களுக்கெல்லாம் முன்னால்,
அதே படிக்கட்டால், மற்றப் பக்கம் கிறுகி.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.
இந்தக் கரையில் வளர்ந்த உடம்புக்கு
ஆபத்து என்றால் ஒரே திசைதான் தெரியும்.
அந்த மார்கழிக் காலையில், பாண்டிருப்பில்,
அயல்வீட்டின் அரைகுறைக் கொங்கிரீட் தட்டில் நின்று
மேல வாங்க, மேல வாங்க என்று
தொண்டை கிழியக் கத்தியவள் நான்.
ஏறியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.
நீருக்குப் பள்ளம் வேண்டும், புகைக்கு உச்சி வேண்டும்.
இதைக் கால்களுக்கு எப்படிச் சொல்வது?

கீழே வாங்க என்று கையை அசைத்தேன்.
அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால்
அங்கேயே இருங்க என்பதுபோல் இருந்திருக்கும்.
அவரும் கையை அசைத்தார்.
உள்ளே திரும்பிப் போகக்கூடாது என்பது விதி.
கால்கள் அதைக் கடைப்பிடித்தன. நான் இல்லை.

முகமூடி போட்ட இருவர் பின்படிக்கட்டால் ஏறினார்கள்.
எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.
வந்தபோது அவர் மூக்கடியில் கரி,
கையில் ஒற்றைச் செருப்பு.
"கடலப் பாக்கத்தான் போன நான், புள்ள.
அது இருந்த இடத்திலதான் இருந்திச்சு."
அவர் பெயருக்கு நேரே கோடு போட்டபோது
பேனை மட்டையைத் துளைத்துவிட்டது.

அடுத்த ஒத்திகையில் யாரும் சிரிக்கவில்லை
என்று எழுத ஆசை.
சிரித்தார்கள்.
ஜெஸீலா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வந்து சிரித்தாள்.
நாட்காட்டிப் பெட்டி ஒன்றும் அங்கே இல்லை.
மசூதா ராத்தா படியில்
என் அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு
ஒருதரம் மேலே பார்த்தார்.
மறுகா இறங்கினார்.